உத்தரியம் போட்ட மலைமகள்

கையில் பென்சிலோடு யாராவது என்னை உற்றுப் பார்த்தால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இந்த முகத்தைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறார்களோ என்று.

எழுபதுகளின் தொடக்கம். சமவெளியில் இருக்கும் எங்கள் நிலத்துத் தக்காளியோடு கடத்தூர் சந்தையில் நான்தான் உட்காருவேன். பக்கத்தில், சித்தேரி மலையிலிருந்து புளி கொண்டுவரும் அக்கா. ஒரு சந்தையன்று ஜிப்பா போட்ட ஒருவர் எங்கள் எதிரே நின்று வரைய ஆரம்பித்தார். வரி போட ஆள் வந்துவிட்டான் என்று சந்தையே கிசுகிசுத்தது. அவரோ அக்காவின் புது ஊதா நைலான் புடவையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார்.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே கூடையை நகர்த்தினாள். பழைய சீலையில் இருந்த என்னை மட்டும் வரைந்துகொண்டு போனார். பேர்கூடக் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து எங்கள் பங்குச் சாமியார் ஒரு பத்திரிகையை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். உள்ளே ஒரு முழுப் பக்கம் நான். கீழே 'மலைமகள்' என்று போட்டிருந்தது. கலை விமரிசகர் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். என் கறுப்பும் அகன்ற மூக்கும் ஆதி இனத்தின் முத்திரையாம். கழுத்தில் தொங்கும் பழுப்புத் துணித்துண்டு, பேய் அண்டாமலிருக்க மலைமக்கள் கட்டும் தாயத்தாம்.

அது உத்தரியம். கத்தோலிக்க வேதக்காரர்களான நாங்கள் மாதா பேரால் போட்டுக்கொள்வது. நெஞ்சில் ஒரு துண்டு, முதுகில் ஒரு துண்டு, நடுவே கயிறு. எனக்கு அதைப் போட்டுவிட்டதே இந்தச் சாமியார்தான். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவுக்கு ஆத்திரம்.

"மாதா உத்தரியத்தப் போயி தாயத்துங்கறான், வெளங்குவானா? அவன் முன்னால நீ எதுக்குடி குந்துன?"

நிறத்தைப் பற்றியோ மூக்கைப் பற்றியோ எனக்கு வருத்தமில்லை. இருப்பதைத்தானே எழுதினார்கள். ஆனால் என் முகத்தை எடுத்து, இல்லாத ஒருத்தியைச் செய்துவிட்டார்கள். அது முள்ளாகக் குத்தியது. இது நீதான் என்று அவர்களில் ஒருவர் வாயால் ஒப்புக்கொண்டால் போதும் என்றிருந்தது.

தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அந்தப் படத்தை வைக்கிறார்கள், விமரிசகரும் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறினேன். நாலு பேர் கூடுகிற இடமாயிற்றே என்று பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்து, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அந்தப் படத்துல இருக்கறது நானுங்க" என்றேன்.

விமரிசகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா, படத்தில் இருக்கும் பெண் இப்படிச் சபையில் எழுந்து பேசமாட்டாள். அதனால்தான் அவளுக்காக நாங்கள் பேசுகிறோம்."

கை தட்டினார்கள். நான் உத்தரியத்தை வெளியே எடுத்துக் காட்டினேன். அவர் குரல் இறுகிவிட்டது. "படத்தைப் பார்த்துத் தைத்ததா? உங்களை யார் அனுப்பினார்கள்? எந்தக் கட்சி?"

வரைந்தவர் ஓரமாக நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஞாபகமில்லையே" என்றார். நிஜமாகவே தெரியவில்லையா, தெரியாததுபோல் நடித்தாரா? அந்தச் சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

"மலைக்கார அக்கா எம்பக்கத்துல குந்தியிருந்தாங்களே, ஊதா நைலான் கட்டிக்கிட்டு. அவங்களக் கேளுங்க" என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நைலானா?" விமரிசகர் சிரித்தார். "அப்படியென்றால் அவள் மலைமகளே இல்லை."

ஹாலே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் எதிரே அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த சந்தையில் அக்கா எனக்காகவே காத்திருந்தாள்.

"என்னாம்மா சொன்னாங்க?"

"அது நான் இல்லியாம்க்கா."

"அப்ப நானா?"

"நீயும் இல்லியாம்."

அக்கா அன்றைக்கும் அதே ஊதாப் புடவையில்தான் இருந்தாள். முந்தானையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மலைக்காரியத்தான் வரையோணும்னா, அந்த மனுசன் என்னைய எதுக்கும்மா தள்ளிக் குந்தச் சொன்னான்?"

நான் தக்காளியை அடுக்க ஆரம்பித்தேன்.