தங்கை பேசும் டிஸ்க்

என் தங்கைக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையோடு பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பாள்; வார்த்தை வராது. அப்போது அவள் கண்ணில் தெரியும் திகிலைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்ப்பேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா தெலுங்கு கலந்த தமிழில் ஒரு யோசனை சொன்னார். "இவங்க முன்னாடி பேசின வீடியோ ஏதாச்சும் உந்தா சார்? பெரிய டிவில காட்டுங்க. வாய் அசையறது நல்லா தெரியணும். அதப் பாத்துக்கினே கூட சொல்லிப் பாக்கட்டும்."

இருந்தது. ஹெச்டி கேமரா வாங்கிய புதிதில் வீட்டில் ஒருவரையும் விடாமல் படம் பிடித்தவன் நான். சித்தூரில் தங்கை வீட்டு டிவி பழையது. பென் டிரைவில் போட்டால் அந்தப் படங்களை எடுக்கவில்லை. ஆனால் ப்ளூரே பிளேயர் இருந்தது. டிஸ்க்கில் எழுதுவதென்று முடிவானது.

வேலை முடிந்து, சத்தியவேட்டில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். எக்ஸ்போர்ட் பக்கத்தில் கேள்வி மேல் கேள்வி: படத்தின் அளவு என்ன, வினாடிக்கு எத்தனை பிரேம், பிட்ரேட், அதாவது வினாடிக்குப் போகும் தகவல், எவ்வளவு. உதடு மங்கிவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தில் பிட்ரேட்டைப் போகிற மட்டும் ஏற்றினேன். பிரேம் கணக்கையும் கேமராவில் இருந்ததைவிடக் கூட்டினேன். லேப்டாப்பில் படம் பளிச்சென்று ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் டிஸ்க்கைப் போட்டோம். திரையில் தங்கை தோசை சுட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள். "இன்னாண்ணா, எப்பப் பாரு படம் புட்ச்சிக்கினே கீற? அத்த அப்பால வெச்சிட்டு துன்னு. ஆறிடப் போவுது."

அந்த இடத்தில் படம் நின்றது. குரல் மட்டும் ஓடியது. திரை நிறைய அவள் முகம், பாதி திறந்த வாய்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை இடது கையால் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கவாதம் மறுபடியும் வந்துவிட்டதென்றே நினைத்தேன். அவள் கணவர் ஓடிப் போய் டிவி பிளக்கையே பிடுங்கினார்.

"வேணாம் மச்சான்," என்றார், என்னை வெளியே அழைத்து வந்து. "இருக்கிறதும் பூடப் போவுது. வுட்ருங்க."

விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் பயிற்சி அம்மா, நடந்ததைக் கேட்ட பிறகும், இன்னொரு முறை பாருங்கள் என்றார். நான் ஏற்றிவைத்த வேகத்துக்கு அந்தப் பிளேயரால் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்பது தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. பிட்ரேட்டைப் பாதியாகக் குறைத்தேன். பிரேம் கணக்கைக் கேமராவில் இருந்தபடியே விட்டேன். அவசரப்படாமல், குறைந்த வேகத்தில் எழுதினேன். கணவர் அவளைப் பயிற்சிக்கு அழைத்துப் போன நாளில், அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து முழு டிஸ்க்கையும் ஓட்டினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எங்கும் நிற்கவில்லை.

"பயமா இருந்தா கைய அமுக்கு, நிறுத்திடறேன்," என்று சொல்லித்தான் அவளுக்குப் போட்டேன். தோசை வந்தது. திட்டு வந்தது. அவள் கையை அமுக்கவில்லை. உதட்டைக் குவித்தாள், விட்டாள், மறுபடி குவித்தாள்.

"து… துன்னு."

அவள் கணவர் முகத்தை மூடிக்கொண்டார்.

பல வாரங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமா, துன்னு. ஃபேன் போட வேண்டுமா, துன்னு. இதோடு நின்றுவிடுமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறினேன். மழை தொடங்கிய பிறகு ஒரு நாள், நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மெதுவாக, "அண்ணா" என்று கேட்டது.