சொதி விருந்துக்கு மறுநாள்

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது.

முந்தின நாள் என் தம்பி மகளுக்கு மறுவீட்டு விருந்து. திருமணத்தை அடுத்து மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி வைப்பதை எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்கள் தவறவிடுவதில்லை. காய்களைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் குழம்பு அது. மந்தம் செய்யும் என்பதால் கூடவே இஞ்சிப் பச்சடியும் இலைக்கு வரும்.

மறுநாள் காலையில் என் மனைவி அடுப்பு முன் நின்றபடியே, "நெஞ்சுக்குழியில என்னமோ பிசையுது. தோளும் கடுக்கு" என்றாள். சொதி செரிக்கவில்லை, வாய்வு என்றேன். மீந்திருந்த இஞ்சிப் பச்சடியை ஒரு கிண்ணத்தில் எடுத்து நீட்டினேன். மறுபேச்சின்றி வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்நேரம் அடுத்த வீட்டு அம்மா வந்தார். கடற்கரை ஊரிலிருந்து வந்து குடியேறியவர். செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள் அவருக்குச் சொதி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியை, வழக்கம்போல் நாலு வாழைப்பழம் வைத்துத் திருப்பித் தர வந்திருந்தார். மீன் புழங்கும் வீடு என்பதால் அவர் சமைத்ததை நாங்கள் வாங்குவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

அவர் என் மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, மதினிக்கு இப்படி வேர்க்குதே! இது வாய்வு மாதிரி இல்ல. ஆட்டோ கூப்பிடுதேன், கிளம்புங்க."

"எங்க வீட்டுல ஏழு தலைமுறையா கவுச்சி நுழைஞ்சதில்லம்மா. இருதயக் கோளாறெல்லாம் எங்களுக்கு வராது" என்றேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான்.

"நெஞ்சுக்குச் சாதி தெரியுமா அண்ணாச்சி?" என்றார் அவர்.

என் மனைவி சிரிக்க முயன்றாள். "விடுங்க. அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். பாடம் நடத்துனவுகல்லா."

இரண்டு மணி நேரம் கழித்து அவள் தரையில் சரிந்தபோது, ஆட்டோ அழைத்து வந்தவரும் அந்த அம்மாவே. மருத்துவமனையில் வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். சொன்னேன். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அன்று மாலை அவள் போய்விட்டாள்.

பிற்பாடு அந்த மருத்துவரிடம், நாங்கள் சுத்த சைவமாயிற்றே என்று கேட்டேன். "தேங்காய்ப்பாலும் நெய்யும் பொரிச்ச அப்பளமும்கூட சைவந்தான் சார்" என்றார். காய்கறி உணவு இருதயத்துக்கு நல்லது என்பதில் பிழையில்லை. எங்கள் இலையில் காய் ஓரத்தில் இருந்தது. மலையாகச் சோறும் அதன்மேல் தேங்காய்ப்பாலும் நடுவில் இருந்தன. அவளுக்கு இரத்த அழுத்தம் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் என்னை உறுத்துவது உணவன்று. அந்த இரண்டு மணி நேரம்.

பதினாறாம் நாள் முடிந்து உறவினர் கலைந்த மறுநாள், அந்த அம்மா வாசற்படிக்கு வெளியே நின்றார். கையில் மூடிய சட்டி. "கீரையும் அவரைக்காயும், அண்ணாச்சி. தேங்கா போடல. சட்டி புதுசு, மீன் பட்டதில்ல. வேண்டாம்னா வச்சிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன்."

உள்ளே வரச் சொன்னேன். அவர் முன்னிலையிலேயே சாப்பிட்டேன். உப்புக் குறைவாக இருந்தது.

'அன்றே சொன்னேனே' என்று அவர் இதுவரை ஒருமுறையும் சொன்னதில்லை. இஞ்சி நறுக்கும் வாசம் எங்கிருந்து வந்தாலும், அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்ட கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது: நான் விவரம் அறிந்தவன் என்று அவள் நம்பினாள், அறிந்தவரோ எங்கள் சமையலறையிலேயே நின்றிருந்தார், நான்தான் கேட்கவில்லை.