மூடி மாறிய தட்டு

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம் பள்ளியில் சேர்ந்தவன் சோலையப்பன். திருமயம் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"உழுது வரப்புப் போடுற வேலைதான் ஆத்தா" என்று தாய் ராக்காயியிடம் சொல்லிவைத்திருந்தான்.

பொய்யில்லை. கணக்குகளெல்லாம் காந்தத் தட்டுகளில் பதிந்திருக்கும். புதுக் கணக்கு ஏற்றுமுன் தட்டை அடியோடு அழித்து, புதிதாகக் கோடு பதித்து, சம்பளத்துக்கு இவ்வளவு இடம், சரக்குக்கு இவ்வளவு இடம் என்று பிரிக்கவேண்டும். குறைத்துக் கொடுத்தால் பாதி வருஷத்தில் முட்டும். கூட்டிக் கொடுத்தால் அடுத்த கணக்குக்கு இருக்காது. அளந்து பிரிப்பதில் சோலையப்பன் கெட்டிக்காரன். அழிப்பதில்தான் எப்போதும் பயம். உழுத வயலில் பழைய பயிரைத் தேடமுடியாது.

ஆசிரியப் பயிற்சிக்கு ஓர் அறக்கட்டளை நடத்திய நுழைவுத் தேர்வின் மார்க்குகளும் அங்கே ஒரு தட்டில் இருந்தன. அவன் தங்கை செவந்தியும் அவள் தோழி இன்னாசியம்மாளும் அதை எழுதியிருந்தார்கள்; முடிவு இன்னும் வரவில்லை. இன்னாசியம்மாளுக்கு அப்பா இல்லை. இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால், மனைவியை இழந்த தாய்மாமனுக்கே அவளைக் கட்டிவைப்பதாகப் பேச்சு.

1968 ஆயுத பூஜை. நிலையத்தில் பக்தி கொஞ்சம் அதிகம். தட்டுகளின் பிளாஸ்டிக் மூடிகளையெல்லாம் கழற்றிக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்ற சீட்டு அந்த மூடியில்தான் ஒட்டியிருக்கும். சீட்டு நனையாமல் கழுவினோம் என்று பெருமை வேறு. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று, 'காலி' என்றிருந்த மூடியைத் திறந்து தட்டை எடுத்து அழித்து இடம் பிரித்துவிட்டு, சோலையப்பன் லீவில் ரயிலேறினான்.

வீட்டில் ராக்காயி கொடுத்த காப்பியில் மல்லிப்பொடி வாசம் தூக்கியது. செவந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பூசைக்கு டப்பாவெல்லாம் கழுவிக் கவுத்தேன் தம்பி. மூடி மாறிப்போச்சு போல" என்றாள் ராக்காயி.

சோலையப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். அங்கேயும் மூடிகளை ஒன்றாகத்தானே காயவைத்தார்கள்? சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமயம் தபாலாபீசுக்கு ஓடினான். சென்னைக்கு டிரங்க்கால் கிடைக்க மத்தியானமாகிவிட்டது.

"நீங்க அழிச்சது மார்க் தட்டு" என்றார் மேலாளர். "விடைத்தாளையெல்லாம் எடைக்குப் போட்டாச்சாம். மார்க்கைத் துளையாப் போட்ட கார்டை வச்சுத்தான் திரும்ப ஏத்தணும். திருச்சி ஜில்லாக் கட்டை மட்டும் காணோம். யார் கொண்டுபோனதுன்னு தெரியலை."

கொண்டுபோனது அவன்தான். தட்டில் ஏற்றி முடித்த கார்டுகள் குப்பை. ஆளுக்கொரு கட்டு வீட்டுக்குத் தூக்கிப்போவது வழக்கம். புதுக்கோட்டையும் அப்போது திருச்சி ஜில்லாதான்; நம்ம ஜில்லா என்ற பாசத்தில் போன மாதம் அந்தக் கட்டை ஊரில் கொண்டுவந்து போட்டிருந்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு கார்டு; மேலே தேர்வு நம்பர் அச்சாகியிருக்கும்.

"அந்த அட்டையா? அடுப்புப் பத்தவைக்கத் தோதா இருந்துச்சு தம்பி. தெனம் ஒண்ணு ரெண்டு உருவுவேன்" என்று, வீடு திரும்பிக் கேட்டவனிடம் சொன்னாள் ராக்காயி.

அவன் தரையில் உட்கார்ந்து மிச்சக் கார்டுகளைப் புரட்டினான். செவந்தியின் நம்பர் இல்லை. விஷயத்தைக் கேட்ட செவந்தி, பயந்துபோய்த் தன் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள்.

"என் நம்பரு இருக்கேன்னு அன்னைக்கே எடுத்து வச்சுக்கிட்டேண்ணே."

அவனுக்கு உயிர் திரும்பியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. செவந்தி மட்டும் இன்னும் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அடுத்த நம்பரு இன்னாசியம்மாளோடது. அது இருக்கான்னு பாருண்ணே."

இல்லை. இரண்டாம் முறை தேடியும் இல்லை. செவந்தி உருவிய இடத்தில் கட்டு தளர்ந்திருக்கிறது. ராக்காயியின் கைக்கு வாகாக வந்ததெல்லாம் அங்கிருந்த கார்டுகள்தான்.

சாயங்காலம் இன்னாசியம்மாளே வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே வந்துருக்கீகன்னு சொன்னாக. ரிசல்ட்டு எப்பண்ணே வரும்?"

"வந்துரும்மா" என்றான் சோலையப்பன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"உள்ளே வா ஆத்தா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று ராக்காயி அடுப்பைப் பற்றவைத்தாள்.