மகள் தோற்க வேண்டும் என்று ஜெபித்தேன்

என் மகளின் காதை நானே கெடுத்தேன். சகோதரிகளே, இதைச் சொல்லாமல் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல எனக்கு வழியில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம், மழைக்காலம். என் ஒரே மகள் ஹெப்சி ஜாலஹள்ளியில் விமானப்படை அதிகாரிக்கான பயிற்சியில் இருந்தாள். வயர்லெஸ், ரேடார் என்று தகவல் தொடர்பு வேலை. அவள் அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதே ஊரின் இன்னொரு கோடியில், லிங்கராஜபுரத்தில், நான் தனியாக இருந்தேன். பக்கத்துப் பள்ளியில் ஆயா வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி வீட்டுக்கு வந்தாள். சளி. இடது காதில் குத்து வலி. நான் பூண்டு தட்டிப் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினேன்.

“வேணாம்மா. அங்க டாக்டர் இருக்காரு, காட்டிக்கிறேன்.”

“மூணு சொட்டுதான்டி. உங்கப்பாவுக்கு எத்தனை தடவ ஊத்தியிருக்கேன்!”

தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி ஊற்றினேன்.

வியாழக்கிழமை முனைக்கடைக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமையே காது அடைத்துச் சீழ் வந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு தேர்வு. இரைச்சலுக்கு நடுவே ஹெட்போனில் வரும் செய்தியைத் தப்பில்லாமல் எழுத வேண்டும். பாதிகூட எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் செவிப்பறையில் ஓட்டை. சளியால் விழுந்த ஓட்டையில் எண்ணெயும் இறங்கிவிட்டதாம். ஆறு வாரம் பார்ப்பார்கள். மூடவில்லை என்றால் பயிற்சியை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு என்றதும் போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அதைத்தான் நான் கேட்டிருந்தேன். அவள் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து என் ஜெபம் ஒன்றே. ஏதாவது ஒன்றில் தோற்று அவள் திரும்பி வரட்டும், கல்யாணம் பண்ணிக் கண்ணெதிரே வைத்துக்கொள்கிறேன். வெளியே எல்லாரிடமும் “ஆண்டவர் நடத்துவார்” என்பேன். உள்ளே இதுதான்.

அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு அடிப்பிடித்தது. பள்ளியில் பத்து நிமிடம் முன்பாகவே பெல் அடித்துத் திட்டு வாங்கினேன். முழங்கால் போடுவேன், உடனே எழுந்துவிடுவேன். காதைச் சுகமாக்கும் என்று எந்த வாயால் கேட்பது?

எங்கள் சபையில் புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். பதினோரு வருடம் போனேன். ஒருநாளும் வாய் திறந்து ஜெபித்ததில்லை. எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்பு கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பேன். அந்தப் போன் வந்த அடுத்த புதன்கிழமையும் கூட்டம் நடத்தும் லில்லி அக்கா கேட்டார்.

“என்னா எஸ்தர், இன்னைக்கும் ஒண்ணுமில்லையா? உனக்கு மட்டும் பரலோகம் இங்கயே வந்துடுச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். “எம் பொண்ணு தோத்துப் போயி வரணும்னு ஜெபம் பண்ணேன்கா. இப்ப அவ காது போச்சு” என்றேன்.

“அடிப்பாவி!” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லில்லி அக்கா கோபப்படவில்லை. “நாங்க மட்டும் என்ன, வாயில ஒண்ணு வயித்துல ஒண்ணு வச்சிட்டுதான் முழங்கால் போடறோம். மொதல்ல பொண்ணுகிட்ட போய் சொல்லு. அப்புறம் ஆண்டவர்கிட்ட வா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி ஜாலஹள்ளி போனேன். பார்வையாளர் அறையில் ஹெப்சி காதில் பஞ்சோடு வந்தாள். “இந்தப் பக்கம் உக்காரும்மா, அந்தக் காது கேக்காது” என்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. “நான் இங்க உயிரக் குடுத்து ஓடறேன். நீ பின்னாடி நின்னு இழுத்துட்டு இருந்தியா?”

காதுப் பஞ்சை அழுத்திக்கொண்டு, “இப்ப என்ன கேக்கப் போற?” என்றாள்.

“காது ஆறணும்னு.”

“அது பத்தாது. நான் போகணும்னு கேளு. எம்முன்னாடியே கேளு. சத்தமா.”

சுற்றிலும் மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மா. கண்ணை மூடிக்கொண்டேன். “ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. ஆனாலும் இவ போகட்டும். எங்க அனுப்புனாலும் போகட்டும்” என்றேன். ஹெப்சி நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் ஆமென் சொன்னாள்.

ஆறாவது வாரம் பரிசோதனையில் ஓட்டை மூடியிருந்தது. காது சரியாகக் கேட்டது. “நல்லா ஆறியிருக்கு, கோர்ஸைத் தொடரலாம்” என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம். ஆனால் நான் செய்த தப்புக்கு அவள் விலை கொடுத்தாள். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட, பின்னால் வந்தவர்களோடு உட்கார்ந்து ஆறு மாதம் கூடுதலாகப் படித்தாள். விட்ட தேர்வை எழுதித் தேறினாள். அதிகாரியாகி முதல் வேலைக்கே ராஜஸ்தான் எல்லைப் பக்கம் போனாள். ரயிலேற்றி விட்டவள் நான்தான்.

இப்போதும் போன் வந்தால் “எங்கடி இருக்க?” என்பேன். “சொல்லக் கூடாதும்மா” என்பாள். என் மனம் அமர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். டி.வி.யில் எல்லையைப் பற்றி நியூஸ் வந்தால் எழுந்து நடக்கிறேன். ஆனால் கர்த்தரிடம் வேஷம் போடுவதை விட்டுவிட்டேன். புதன்கிழமைகளில் வாய் திறந்து ஜெபிக்கிறேன்.

பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு இதை வாசிக்கிற அம்மா, உன் பயத்தைப் பயமென்றே அவரிடம் சொல். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சொன்ன பிறகு, உன் பிள்ளை எதைக் கேட்கிறதோ அதை நீயும் கேள்.