காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

போன ஆடி மாதம் என் பெயர் காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக நின்றது. கோலாலம்பூரில் நடந்த ஒரு டென்னிஸ் போட்டியின் தகுதிச் சுற்று அது. யாராவது ஒருத்தி விலகினால்தான் எனக்கு இடம்.

டென்னிஸில் வென்ற புள்ளிகள் ஓராண்டுதான் கணக்கில் இருக்கும். மணிக்கட்டுக் காயத்தால் அந்த ஆண்டு நான் புதிதாக எதுவும் வெல்லவில்லை. பழைய புள்ளிகளும் அடுத்த வாரம் கழிந்துவிடும். இதில் ஆடாவிட்டால் உலகத் தரவரிசையிலிருந்தே பெயர் போய்விடும். அப்படிப் போனால் பக்கத்து ஊரான டுரியான் துங்காலில் டெக்னீஷியன் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எட்டு வயதிலிருந்து ஆடுகிறேன். விட மனம் வரவில்லை.

அந்த வாரம் சோறு இறங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் பட்டியலைத் திறப்பேன். சுவரில் பந்தடிக்கப் போவேன், பாதியில் திரும்புவேன். எதையும் எழுதி வைத்துச் செய்வது என் பழக்கம். வேண்டுதலையும் எழுதினேன். ஒன்று, மணிக்கட்டு தாங்க வேண்டும். இரண்டு, மழை கூடாது. மூன்று, யாருக்காவது காய்ச்சல் வந்து விலக வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரான புலாவ் செபாங்கில் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா அதைப் படித்துவிட்டார்.

"மாரியம்மாகிட்டயே போயி இன்னொரு பொண்ணுக்குக் காய்ச்சல் கேக்கப் போறியா?"

"சின்னக் காய்ச்சல்தாம்மா. ரெண்டு நாள்ல சரியாயிரும் லா."

"ஆமா, நீ ஆர்டர் குடு, அவ அளந்து அனுப்புவா. அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளதானே."

சன்னிதியில் நின்றபோது வெட்கமாக இருந்தது. தாளில் மூன்றாவதை அடித்துவிட்டேன். "யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டாம் தாயே. வழி இருந்தால் காட்டு. இல்லாவிட்டால் வேலைக்குப் போகிற மனதைக் கொடு" என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகும் நெஞ்சு அடங்கவில்லை.

சனிக்கிழமை ரயிலேறிப் போனேன். காத்திருப்பவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். மறுநாள் காலை வரை ஒருவரும் விலகவில்லை. எல்லாப் பெண்களும் நல்ல உடம்போடு பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். முதல் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது அதிகாரி கூப்பிட்டார். தகுதிச் சுற்றில் இருந்த ஒரு பெண்ணுக்கு, முந்தைய வாரப் போட்டியில் கடைசிக் கட்டம் வரை ஆடியதற்காகச் சிறப்பு அனுமதி கிடைத்து, நேரே முதன்மைச் சுற்றுக்கே போய்விட்டாளாம். அவள் விட்ட இடம் எனக்கு.

ஒருத்தி மேலே ஏறியும் எனக்கு இடம் வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மட்டையை எடுத்துக்கொண்டு நேரே ஆடுகளத்துக்குப் போனேன். மணிக்கட்டு வலித்தது, ஆனால் தாங்கியது. தகுதிச் சுற்றைத் தாண்டி, முதன்மைச் சுற்றிலும் ஓர் ஆட்டம் வென்றேன். தரவரிசையில் பெயர் நின்றது. அதன்பின் ஒவ்வொரு போட்டியாக ஏறி வருகிறேன். இப்போது பெரும்பாலும் நேரடியாகவே இடம் கிடைக்கிறது. பட்டியல் வெளியானதும் கீழே வரை இறங்கி, காத்திருக்கும் முதல் பெயரைப் படித்து, அவளுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

அம்மனுக்கு என் நன்றி. என்னைப் போலத் தவித்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் தேவையை அவளிடம் சொல்லுங்கள். வழியை அவளிடம் விட்டுவிடுங்கள். மனம் அடங்கிய பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். படபடப்போடே போய் நில்லுங்கள்.