பசைக்கு அடியில் போன மீதி

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அதன்பின் ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்கிறேன். எங்கே போனாலும் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன்.

அப்பா திண்டிவனத்தில் பிரிட்ஜ் மெக்கானிக். புதுச்சேரிப் பட்டறை ஒன்றில் அடி வாங்கிக் கற்ற தொழில். ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லாததால் விழுப்புரத்து மெக்கானிக்குகள் சங்கம் அவரைச் சேர்க்காமல் இழுத்தடித்தது. சங்கத்து அட்டை இருந்தால்தான் பெரிய கடைகளின் சர்வீஸ் வேலை கிடைக்கும்.

அந்தச் சங்கத்தின் மூலையில் பிரிட்ஜ் தொழிலுக்கென்றே வரும் மாத இதழின் பழைய பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு கோளாறுக்குக் கட்டுரை வேண்டுமென்றால் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். எந்த மாதத்தில் வந்தது என்று எவருக்கும் நினைவிருக்காது. அதை ஒழுங்குபடுத்தித் தருவதாக அப்பா தானாகவே போய்ச் சொன்னார். செய்து காட்டினால் சேர்த்துக்கொள்வதாகச் செயலாளர் சொன்னார்.

"சீக்கு இன்னான்னு சொல்லித்தான மருந்து கேக்குறாங்க? எந்த மாசத்து சீக்குன்னா கேக்குறாங்க?" என்றார் அப்பா, இதழ்க் கட்டுகளை வீட்டில் இறக்கிவைத்தபடி.

மழைக்காலம், வேலை குறைவு. புதுப் பிரிட்ஜ் வரும் அட்டைப்பெட்டிகளைப் பலகை பலகையாக அறுத்தார். அம்மா மைதாப் பசை காய்ச்சினார். இதழ்களைப் பிரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கோளாறு என்று அப்பா சொல்லி, அந்தத் தாளைப் பலகையில் ஒட்டுவார். பனி கட்டுகிறது, தண்ணீர் ஒழுகுகிறது, சத்தம் வருகிறது என்று நான் பலகைகளில் தலைப்பு எழுதினேன். என் கையெழுத்துதான் அழகு என்று சொல்லியிருந்தார். படமில்லாத பக்கங்கள் வெறும் பேச்சு என்று ஒதுக்கினார். அவற்றை அம்மா அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பலகைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். எந்தப் பேருந்து விழுப்புரம் போகும் என்று பலகையைப் படித்துச் சொல்லச் சொன்னார். பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து உற்சாகமாகச் சொன்னேன்.

சங்கக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்தார். "கம்ப்ரசர் சூடாயி கட் ஆவுதுண்ணே, அதுக்கு எதுனா கீதா?"

அவர் உட்காரும் முன்பே அப்பா பலகையை உருவிவிட்டார். கை தட்டினார்கள்.

"படிங்க, கேப்போம்" என்றார் செயலாளர்.

"எம் பொண்ணு படிக்கும். நல்லா படிக்கும்."

பள்ளிக்கூடத்தில் காலையில் செய்தி வாசிப்பதைப்போல நிமிர்ந்து நின்று வாசித்தேன். 'ஆகவே, கம்ப்ரசரை மாற்றுவதற்கு முன், முதலில்' என்ற இடத்தில் பக்கம் முடிந்தது. பலகையைத் திருப்பினேன். அந்தப் பக்கம் பெட்டியில் அச்சடித்த குடைப்படம் இருந்தது.

"முதலில் இன்னா பாப்பா?"

"முதல்ல பசை காய்ச்சணும் போலக்கீது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

செயலாளர் வந்து ஓரத்தை நகத்தால் பெயர்த்தார். தாள் இழை இழையாகக் கிழிந்து வந்தது. அதன் முதுகில்தான் மீதி இருந்தது. அடுத்த பலகையும் அப்படியே. சிரிப்பு நின்றது.

"இருந்ததே ஒரு செட்டுதான்பா" என்றார். கத்தவில்லை. உறுப்பினர் அட்டையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. நான்தான் வாசித்துக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

திரும்பும்போது பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

"முதலில்னு நின்னுச்சே பாப்பா, அப்பால இன்னா போட்டிருப்பான்?"

"ஒட்டும்போது நீயே படிச்சிருக்கலாம் இல்ல?"

முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு வரும் வரை திரும்பவில்லை.

என் கையெழுத்து அழகு என்பதற்காகத்தான் தலைப்புகளை என்னிடம் எழுதக் கொடுத்தார் என்று அன்றைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.