கயிற்றைத் தொடாதவள்

எங்கள் படகுக்கு ஒரு சட்டம் உண்டு. கடலுக்குப் போய் வந்தவர் யாராக இருந்தாலும், கரை சேர்ந்ததும் கயிற்றில் கை வைத்துப் படகை மணலில் ஏற்ற வேண்டும். கடலூரில் நான் ஸ்கூபா டைவர். மீன் பெருகுவதற்காகக் கடலடியில் இறக்கியிருக்கும் சிமென்ட் கூடுகளில் வலைகள் சிக்கிக்கொள்ளும். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி அவற்றை அறுத்தெடுப்பது என் வேலை. மேலே வந்த களைப்பு ஆறும் முன்பே கயிறு இழுப்பேன். பெண்பிள்ளை என்ன இழுத்துவிடப் போகிறாள் என்று கரையில் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகவே மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, கொஞ்சம் ஜாஸ்தியாக இழுப்பேன்.

அப்படி இழுத்த சில நாட்களில் வயிற்றிலும் தோளிலும் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகத் தடிக்கும், அரிக்கும். ஜெல்லிமீன் உரசியிருக்கும் என்பார்கள். எங்கள் கடலில் தோலுக்கு எது வந்தாலும் பழி ஜெல்லிமீன் மேல்தான். நான் வினிகரைத் தடவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். உடம்போடு ஒட்டிய ரப்பர் உடைக்குள் ஜெல்லிமீன் எப்படிப் புகுந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் கயிற்றை விட்டு நிமிர்ந்தபோது தலை சுற்றியது. இடது கை மரத்துப்போனது. எதிரே இருந்த படகில் எழுதியிருந்த பெயர் பாதிதான் தெரிந்தது. கூட வந்தவர்கள் மணலில் படுக்கவைத்து, நாங்கள் எடுத்துப் போகும் ஆக்சிஜனைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டேன். குமராட்சியிலிருந்து ஓடிவந்த அம்மா, அங்கிருந்து என்னைச் சிதம்பரத்தில் ஓர் இதய மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த டாக்டர் உப்புநீரைக் குலுக்கிச் சின்னச் சின்னக் குமிழ்களாக்கி என் கை நரம்பில் ஏற்றினார். வயிற்றை இறுக்கி முக்கி, பிறகு மூச்சை விடச் சொன்னார். திரையில் இதயத்தின் வலப்பக்கம் நிறைந்திருந்த குமிழ்களில் சில இடப்பக்கம் தாண்டின. கருவில் எல்லோருக்கும் இதயத்தின் நடுச்சுவரில் இருக்கிற சிறு திறப்பாம் அது. பிறந்த பிறகு மூடிக்கொள்ளும். பலருக்கு முழுதாக மூடுவதில்லை. தரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அது தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். டைவருக்குத்தான் வம்பு. ஆழத்திலிருந்து மேலே வரும்போது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகும். சாதாரணமாக அவற்றை நுரையீரல் வடிகட்டிவிடும். முக்கினால் அந்தத் திறப்பு விரியும். குமிழ்கள் நுரையீரலுக்குப் போகாமல் குறுக்கே தாண்டி மூளைக்கும் தோலுக்கும் ஓடும். கயிறு இழுத்தபோதெல்லாம் நான் செய்தது அதைத்தான்.

கடல் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் அம்மா என் காதோடு சொன்னார்: "நெஞ்சுல ஓட்டன்னு வெளிய சொல்லிடாதடி. ஒருத்தனும் கட்டிக்க வரமாட்டான்."

இதுவரை வாசலில் வரிசை கட்டி நின்றார்களா என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் இதயம், என் ஓட்டை. அதைத் திருட்டுப் பொருள்போல ஒளித்துவைக்க நான் என்ன தப்பு செய்தேன்?

டைவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தேன். அவர் மூன்று வழி சொன்னார். வேலையை விடலாம். தொடை நரம்பு வழியாகக் கருவியை அனுப்பித் திறப்பை மூடலாம். இல்லையென்றால் அதிக ஆழம் போகாமல், சீக்கிரமே வேலையை முடித்து, மெதுவாக மேலே வந்து, அன்று முழுக்க எதையும் முக்கித் தூக்காமல் இருக்கலாம். ஆபத்து குறையும், ஒழியாது. முதல் வழி என் காதிலேயே ஏறவில்லை. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். அவர் சரி என்று சொல்லும்வரை காத்திருந்து, பிறகுதான் கடலுக்குப் போனேன். ஆழம் குறைந்த கூடுகளை மட்டும் கேட்டு வாங்கினேன்.

அன்று கரை சேர்ந்ததும் தள்ளிப் போய்க் கைகட்டி நின்றேன். மகாராணி வந்துட்டாங்க என்றார்கள் கயிறு பிடித்தவர்கள். படகுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"கயிறு புடிக்காதவ என் படகுல ஏற வேணாம்."

"புடிச்சா என்னப் பொணமா தூக்கிட்டுப் போவணும் மாமா. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

எல்லோர் காதிலும் விழும்படி ஓட்டையைப் பற்றி முழுக்கச் சொன்னேன். அவர் முறைத்துவிட்டுப் போனார். இந்தப் படகு போனால் வேறு எந்தப் படகும் என்னை ஏற்றாது.

மறுநாள் முதல் ஆளாகப் போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டேன். இறக்கிவிடுவதென்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மாமா இன்ஜினைக் கிளப்பினார். திரும்பி வந்ததும், எப்போதும் நின்று அதட்டல் மட்டும் போடுபவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் இடத்தில் கயிற்றைப் பிடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னா பாக்குற?"

"மூச்ச அடக்காம இழுங்க மாமா," என்றேன். "உங்க நெஞ்சுலயும் ஓட்ட இருக்கலாம். யாரு பாத்தா?"